அந்தப் பெயருக்கு 14 இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டோடு சேர்த்து ஒரு சிறுதொழில் செய்கிறேன். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஒடியல் மா, பனங்கட்டி, மோர்மிளகாய். மாதம் சுமார் 35 பொதிகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போகின்றன. எல்லாச் செலவும் போகப் பொதிக்கு 2,500 ரூபாய் மிஞ்சும். டொட் எல்கே முடிவில் ஓர் இணையத்தளம் இருக்கிறது. வெளிநாட்டு ஆட்களுக்கு டொட் கொம் தான் பழக்கம் என்பதால் அதே பெயரைத் தேடினேன். யாரோ முன்பே எடுத்து வைத்து 4,800 டொலருக்கு விற்பனைக்குப் போட்டிருக்கிறார். பெயர்களுக்கு மதிப்புச் சொல்லும் தளமொன்று அதற்கு 2,150 டொலர் என்கிறது. டொமைன் எனப்படும் இணையப் பெயர்களை வாங்கி விற்கும் என் அண்ணாவின் மகன், "விடாதீர்கள் மாமி, நாளைக்கு இரண்டு மடங்கு போகும், கூகுளிலும் முதலாவதாக வரும்" என்கிறான். எனக்குச் சீட்டுக்காசு வர இருக்கிறது. வாங்கலாமா? உண்மையான விலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவன் வைத்திருக்கும் பெயர்களையும் எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லவும்.

பதில்: சகோதரி, முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். 4,800 டொலருக்கு வாங்க வேண்டாம். 700 டொலருக்குள் கிடைத்தால் வாங்கலாம். அதற்கு மேல் போனால் விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதிய பெயரை இங்கே அச்சிடவில்லை. அச்சிட்டால் விற்பவரும் பார்ப்பார், விலையும் ஏறும். ஊர்ப்பெயர் ஒன்றும் சமையலறைச் சொல் ஒன்றும் சேர்ந்த ஆங்கிலப் பெயர் என்பதே மற்ற வாசகர்களுக்குப் போதும்.

700 என்ற எண் உங்கள் கடிதத்திலிருந்தே வந்தது. டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 4,800 டொலர் 14 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். டொட் கொம் பெயர் வந்ததால் மட்டும் மாதம் நான்கு பொதிகள் கூடுகின்றன என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் வாடிக்கையாளர்கள் இப்போது சொந்தக்காரர் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வருகிறார்கள். பெயர் மாறியதற்காக நாற்பது பேர் புதிதாக வந்து நிற்கப் போவதில்லை. நான்கு பொதி என்றால் மாதம் 10,000 ரூபாய், ஆண்டுக்கு 1 இலட்சத்து 20 ஆயிரம். போட்ட காசு திரும்ப 12 ஆண்டுகள் ஆகும். 700 டொலர் என்றால் 2 இலட்சத்து 10 ஆயிரம். இரண்டு ஆண்டு முடிவதற்குள் திரும்பிவிடும். ஒரு சிறுதொழிலுக்கு நான் இரண்டு ஆண்டுக்கு மேல் போவதில்லை. உங்கள் பொதிக் கணக்கு வேறாக இருந்தால் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறையை மாற்ற வேண்டாம்.

இது உங்களுக்கு அந்தப் பெயரின் பெறுமதி. சந்தையில் அதன் விலை என்ன என்பது வேறு கேள்வி. உங்கள் மருமகன் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்.

சந்தை விலையைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பது. டொட் கொம் பெயர்களின் பதிவேட்டை நடத்தும் வெரிசைன் நிறுவனம் பதிவு முகவர்களிடம் வாங்குவது ஆண்டுக்கு ஏறத்தாழ 10 டொலர். முகவர் தன் பங்கைச் சேர்த்து உங்களிடம் 11 முதல் 20 டொலர் வரை வாங்குவார். அந்தத் தொகையைக் கட்டியவர் எவரும் 480 என்றும் எழுதலாம், 48,000 என்றும் எழுதலாம். காணி வாங்கும்போது தரகர் சொல்லும் விலையை நம்பி யாரும் உறுதி எழுதுவதில்லை. பக்கத்துக் காணி பரப்பு என்ன விலைக்குக் கைமாறியது என்றுதான் விசாரிப்போம். இங்கேயும் அப்படித்தான். நேம்பயோ என்ற தளத்தில் வெளியே தெரியவந்த டொமைன் விற்பனைகள் திகதி, விலை, விற்ற இடம் ஆகியவற்றோடு பதிவாகியிருக்கின்றன. எல்லா விற்பனையும் அதில் இல்லை; விலையை வெளியிடக் கூடாது என்று உடன்படிக்கை எழுதி முடிந்தவை நிறைய. ஆனாலும் கேட்கும் விலைகளைப் பார்த்து மயங்குவதைவிட இது மேல்.

அதில் தேடும்போது ஒப்பிடும் பெயரைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். 2019 இல் "வொய்ஸ் டொட் கொம்" 3 கோடி டொலருக்கு விற்றது. "பிசினஸ் டொட் கொம்" 1997 இல் 1 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கும், இரண்டே ஆண்டில் 75 இலட்சம் டொலருக்கும் கைமாறியது. மருமகன் இந்தக் கதைகளை உங்களுக்குச் சொல்லியிருப்பார். ஒரே ஒரு ஆங்கிலச் சொல், உலகத்தில் எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் சொல். அவற்றுக்கும் நம் ஊர்ப்பெயரோடு சேர்ந்த மசாலாப் பெயருக்கும் எந்த உறவும் இல்லை. நடுத்தரமான ஒரு நகரத்தின் பெயரும் உணவுச் சொல்லும் சேர்ந்து டொட் கொம்மில் முடியும் பெயர்களைத் தேடுங்கள். விற்ற இடத்தையும் பாருங்கள். காலாவதியான பெயர்களின் ஏலத்தில் போன விலை, வியாபாரி வியாபாரிக்குக் கொடுத்த விலை. அதே பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்தப் போகும் ஒருவர் வாங்கினால் பல மடங்கு கூடக் கொடுப்பார். உங்களிடம் கேட்பது அந்த இரண்டாவது விலை. நீங்கள் மறு நாள் விற்கப் போனால் கிடைப்பது முதலாவது விலை. "நாளைக்கு இரண்டு மடங்கு" என்ற பேச்சு இந்த இடத்தில்தான் விழுந்துவிடுகிறது.

மதிப்பிடும் தளம் சொன்ன 2,150 டொலரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது ஒரு கணினி நிரல். எழுத்துகளை எண்ணுகிறது, சொற்களைப் பிரிக்கிறது, அந்தச் சொற்களைக் கூகுளில் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது, முன்பு விற்ற ஒத்த பெயர்களோடு ஒப்பிட்டு ஓர் எண்ணைத் தருகிறது. இந்தப் பெயரை வாங்கக்கூடியவர் உலகத்தில் எத்தனை பேர் என்பது அதற்குத் தெரியாது. இன்னொரு மதிப்பீட்டுத் தளத்தில் இதே பெயரைப் போட்டுப் பாருங்கள், வேறு எண் வரும். இந்தத் தளங்கள் சிலவற்றை நடத்துவதே பெயர் விற்கும் நிறுவனங்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

விலையைத் தீர்மானிப்பது வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை. ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள்: இந்தப் பெயரை 1,000 டொலருக்கு மேல் கொடுத்து வாங்கக்கூடியவர் யார்? ஸ்கார்பரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் பாரிஸ் லா ஷப்பலிலும் நம் ஆட்களின் கடைகள் நிறைய உண்டு. அவற்றுக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது, விளம்பரப் பலகை இருக்கிறது, பொதிகளில் அச்சடித்த முத்திரை இருக்கிறது. இதற்காக எவரும் அதை மாற்றப் போவதில்லை. கொழும்பில் ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனங்களுக்குச் சொந்தப் பெயர்கள் உண்டு. புதிதாகத் தொடங்கும் ஒருவர், இதே சொற்சேர்க்கையை விரும்புபவர், கையில் டொலரும் உள்ளவர் என்று தேடினால் உங்கள் தாளில் இரண்டு மூன்று வரிக்கு மேல் வராது. அதில் ஒரு வரி நீங்கள்.

இதனால் விற்பவர் பணிந்துவிடுவார் என்றும் எண்ணிவிடாதீர்கள். அவருடைய கணக்கு வேறு. பெயர் வியாபாரிகள் நூறு பெயர் வைத்திருந்தால் ஆண்டில் ஒன்றோ இரண்டோ விற்றாலே பரவாயில்லை என்பார்கள். நூறு பெயருக்கும் புதுப்பிக்கும் கட்டணம் ஆயிரத்துச் சொச்சம் டொலர். அந்த ஒன்றிரண்டு விற்பனைதான் மற்ற எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். அதனால்தான் விலைப்பட்டியலில் ஆயிரத்துக்குக் கீழே எண் அரிதாகவே தென்படும். இந்த ஒரு பெயரை இன்னும் ஓர் ஆண்டு வைத்திருக்க அவருக்குத் தேவை 11 டொலர்தான். எனவே அவர் மறுக்கவும் கூடும். மறுத்தால் மறுக்கட்டும். அவருக்கு அவசரமில்லை, உங்களுக்கும் இருக்கக் கூடாது.

இனிப் பெயரின் சரித்திரம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான், எனக்கு அதிகம் சொல்ல இருப்பதும் இதில்தான். இணையப் பெயர்களை உலகளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் தேடற்பக்கத்தில் பெயரைப் போட்டால் அது எப்போது பதிவானது, எந்த முகவரிடம் இருக்கிறது, எப்போது காலாவதியாகும் என்பவை வரும். உரிமையாளரின் பெயர் 2018 இல் வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் மறைத்தே காட்டப்படுகிறது, அது முக்கியமில்லை. நீங்கள் கேட்கும் பெயர் 2021 இல் பதிவாகியிருக்கிறது. ஆனால் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பார்த்தால் அதற்கும் முன்பே பக்கங்கள் இருக்கின்றன. முதலில் ஓர் உணவகத்தின் பக்கம். பிறகு சில மாதங்கள் ஏதோ ஒரு மொழியில் சூதாட்ட விளம்பரங்கள். அதன்பின் ஒன்றுமில்லை, இப்போது விற்பனைப் பலகை. உணவகக்காரர் புதுப்பிக்காமல் விட்டபின் யாரோ பிடித்து, பழைய இணைப்புகளைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்திக் கைவிட, மூன்றாவது ஆளிடம் வந்திருக்கிறது என்று தெரிகிறது.

இதனால் பெயர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லவில்லை. விலையைக் குறைத்துக் கேட்க இது நல்ல காரணம் என்கிறேன். சூதாட்டத்துக்குப் பயன்பட்ட பெயர்களை மின்னஞ்சல் வடிகட்டிகள் சந்தேகத்தோடு பார்க்கக்கூடும். நீங்கள் அனுப்பும் பற்றுச்சீட்டு ரொறன்ரோவில் ஒருவருடைய குப்பைப் பெட்டிக்குள் விழுந்தால் அவர் உங்களைத்தான் ஏமாற்றுக்காரி என்று நினைப்பார். ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு தீய பெயர்களின் பட்டியலை வைத்திருக்கிறது. அதன் தளத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். நான் தேடியபோது உங்கள் பெயர் அதில் இல்லை, நல்லது. காசு அனுப்பும் அன்றைக்கு மறுபடி தேடுங்கள். கூகுளிலும் அந்தப் பெயரை முழுதாக எழுதித் தேடி, பழைய சூதாட்டத் தளங்கள் இன்னும் அதற்கு இணைப்புக் கொடுக்கின்றனவா என்று பாருங்கள்.

"பழைய பெயர், மாதம் இத்தனை பேர் வந்து பார்க்கிறார்கள்" என்று விற்பவர் எழுதினால் ஆதாரம் கேளுங்கள். வருபவர்களில் பாதிப் பேர் மனிதர்களே இல்லாமல், தானாக அலையும் நிரல்களாக இருக்கலாம். மற்றப் பாதி சூதாட்டம் தேடி வந்தவர்கள். அவர்களுக்கு ஒடியல் மா எதற்கு?

கூகுளில் முதலாவதாக வரும் என்ற பேச்சு ஒரு காலத்தில் ஓரளவு உண்மையாக இருந்தது. தேடும் சொற்களையே பெயராகக் கொண்ட தரமற்ற தளங்கள் மேலே வருவதைத் தடுக்க 2012 செப்டெம்பரில் கூகுள் தன் தேடல் முறையை மாற்றியது. மருமகன் அதற்கு முந்திய பாடத்தைப் படித்திருக்கிறார்.

பெயரின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். தொலைபேசியில் ஒருவர் சொல்ல மற்றவர் தட்டச்சுச் செய்யும்போது பிழை வராத பெயருக்கு விலை உண்டு. நம் ஆட்கள் ஒடியலையும் பனங்கட்டியையும் ஆங்கில எழுத்தில் பெயராக வைத்துக் கஷ்டப்படுகிறார்கள். யாழ்ப்பாணம் என்று எழுதவே ழகரத்துக்கு எல் போடுபவரும் உண்டு, இசட் எச் போடுபவரும் உண்டு. ஆகாரத்துக்கு ஒரு ஏ, இரண்டு ஏ என்று தனிச் சண்டை. நீங்கள் கேட்கும் பெயரில் ஊரின் ஆங்கிலப் பெயர் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. எஃப் இரண்டா ஒன்றா என்று சிலர் தடுமாறுவார்கள், அவ்வளவுதான். இணைப்புக்கோடு இல்லை, இலக்கம் இல்லை. பெயர் நல்ல பெயர்தான். அதனால்தான் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாமல் 700 என்றேன்.

வியாபாரப் பெயரைப் பதிவு செய்திருக்கிறேன், அதைக் காட்டி டொட் கொம்மைப் பறிக்க முடியாதா என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். முடியாது. ஐகான் 1999 இல் கொண்டுவந்த தகராறு தீர்க்கும் முறையின்படி மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயர் உங்கள் வர்த்தகக் குறியோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். ஜெனிவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரு பெயருக்கு முறையிடவே 1,500 டொலர் கட்டணம். உங்கள் தொழில் தொடங்குமுன்பே அவர் பதிவு செய்துவிட்டார். அதுவும் அது ஊர்ப்பெயரும் பொதுச் சொல்லும் சேர்ந்த பெயர். பணம்தான் போகும். ஆனால் உங்கள் முத்திரையை 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பில் வர்த்தகக் குறியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். டொமைன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது பயன்படும்.

இனிப் பேரம். தொழிலின் மின்னஞ்சலிலிருந்து எழுத வேண்டாம். யாரென்று தெரியாத சாதாரண முகவரியிலிருந்து, தொழிலைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இரண்டு வரி: பெயர் சூதாட்டத்துக்குப் பயன்பட்டிருப்பதைக் கவனித்தேன், 350 டொலர் தரலாம். அவர் 3,500 என்பார். ஒரு வாரம் பதில் எழுதாதீர்கள். பிறகு 500. கடைசி 700. தவணையில் தருகிறேன் என்று அவர் சொன்னாலும் மொத்தத் தொகை 700 ஐத் தாண்டக் கூடாது. மாதம் நூறுதானே என்ற பேச்சில்தான் பலர் 5,000 டொலருக்குள் விழுகிறார்கள். "அதிகாரபூர்வ மதிப்பீட்டுச் சான்றிதழ்" வாங்கச் சொல்லி எவராவது ஒரு தளத்தைக் காட்டினால், அது விற்பவரானாலும் வாங்குபவரானாலும், அந்த இடத்தில் பேச்சை நிறுத்துங்கள். அது பழைய மோசடி; சான்றிதழுக்குக் காசு கட்டியதும் ஆள் மறைந்துவிடுவார்.

விலை ஒத்துவந்தால் காசை நேரே அவருக்கு அனுப்ப வேண்டாம். எஸ்க்ரோ எனப்படும் இடைநிலைச் சேவை காசை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் உங்கள் கணக்குக்கு வந்த பிறகே அவருக்கு விடுவிக்கும். உங்கள் கணக்கு என்று நான் சொல்வது உங்களுடைய பெயர், உங்களுடைய மின்னஞ்சல், உங்களுடைய கடவுச்சொல் உள்ள கணக்கு. தளம் செய்து தருபவர் தன் கணக்கிலேயே பெயரையும் பதிந்து வைத்துவிட்டு, பின்பு வெளிநாடு போய்விட, தொழில் நடத்துபவர் தன் பெயரையே தன்னால் தொட முடியாமல் நிற்பதை யாழ்ப்பாணத்தில் எத்தனை கடைகளில் பார்க்கிறேன். உங்களுடைய டொட் எல்கே பெயர் யாருடைய கணக்கில் இருக்கிறது? இந்தப் பேரத்தைத் தொடங்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால் இருக்கும் எல்கே பெயரோடு தாராளமாகத் தொழில் செய்யலாம். இலங்கையிலிருந்து வரும் பொருள் என்பதற்கு அதுவே அடையாளம். கனடாவில் இருப்பவர் உங்களிடம் வாங்குவதும் அதற்காகத்தான். பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து 12 டொலருக்கு ஒரு டொட் கொம்மும் எடுக்கலாம். டொட் கொம்முக்குப் பதிலாக வந்திருக்கும் புதிய முடிவுகளில் முதலாம் ஆண்டு இரண்டு டொலர் என்று ஆசை காட்டுவார்கள்; இரண்டாம் ஆண்டுக்குரிய கட்டணத்தை வாசிக்காமல் எடுக்காதீர்கள். "டொட் இலங்கை" என்று தமிழிலேயே முடியும் பெயரும் உண்டு. எனக்கு அது மிகவும் பிடிக்கும். ஆனால் லண்டனில் பிறந்த பிள்ளையின் தொலைபேசியில் தமிழ் விசைப்பலகை இருக்காது, தமிழ் முகவரியை ஏற்காத மின்னஞ்சல் சேவைகளும் இன்னும் இருக்கின்றன. துணைப் பெயராக வைத்துக்கொள்ளலாம்.

விற்பவர் மறுத்த பிறகும் காலாவதித் திகதியைக் குறித்து வையுங்கள். சூதாட்டக்காரர் கைவிட்டதுபோல இவரும் ஒருநாள் கைவிடக்கூடும். டொட் கொம் பெயர் காலாவதியான அன்றே வெளியே வராது. முகவர் 45 நாள் வரை வைத்திருக்கலாம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதற்குப் பின் ஐந்து நாள் கழித்தே நீங்கும். பெரும்பாலான முகவர்கள் அதற்கிடையிலேயே ஏலத்தில் போட்டுவிடுவார்கள். அங்கே நீங்கள் வியாபாரி விலைக்கு வாங்கலாம்.

மருமகனின் பட்டியலைப் பார்த்தேன். பெரும்பாலானவை எவருக்கும் தீங்கில்லாத பெயர்கள், எவரும் கேட்கப் போகாத பெயர்களும்கூட. ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கக்கூடிய மூன்று பேரை எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவற்றுக்கு அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பலாலிக்கு 2019 இல் விமானம் வரத் தொடங்கியதும் எடுத்த பயணப் பெயர்கள் இரண்டு மட்டும் பரவாயில்லை, அவற்றை வைத்திருக்கலாம். ஆனால் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரோடு சலுகை என்ற சொல்லைச் சேர்த்ததும், இரண்டு வங்கிகளின் பெயரை ஓர் எழுத்து மாற்றி எடுத்ததும் வியாபாரமல்ல. மேலே சொன்ன மூன்று விடயங்களும் அங்கே தானாகவே நிரூபணமாகும். பெயரும் போகும், ஒரு சதமும் கிடைக்காது. டொட் கொம் பதிவேடு அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டின் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் வழக்குப் போட இடமுண்டு. பெயரின் மேல் மட்டுமல்லாமல் பதிந்தவர் மேலேயே வழக்கு நடந்தால், ஒரு பெயருக்கு 1 இலட்சம் டொலர் வரை இழப்பீடு விதிக்கலாம். அந்த மூன்றையும் இந்த வாரமே நீக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என்மேல் இருக்கட்டும்.